இரண்டாவது ஏற்றம்

தொலைபேசி அலறியது.

வியாழன் காலை எட்டேகால். லேப் கதவைத் திறந்த மதனி கைப்பையைக்கூட இன்னும் கதிரையில் வைக்கவில்லை.

"ஹலோ, லேப்..."

"மதனி... நான் றிஸானா."

இருதய வார்டு நர்ஸ். எந்த விஷயத்தையும் சிரிப்போடுதான் ஆரம்பிப்பாள். இன்று சிரிப்பு இல்லை.

"மூணாம் கட்டில் சுப்பம்மா... மவுத்தாயிட்டாங்க."

"என்ன?!"

"இப்பதான் உசிர் போச்சு. கிட்னி ரெண்டும் நிண்டு போச்சு."

"ஆபரேஷன் நல்லாத்தானே நடந்தது?"

"நெஞ்சுக்கு நல்லாத்தான் நடந்த. கிட்னிதான் தாங்கல்ல. பெரிய டொக்டரும் அப்படித்தான் எழுதின. நாங்க எனத்த செய்ய?"

போன் வைக்கப்பட்டது.

மதனி கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். சுப்பம்மா! நாவலப்பிட்டித் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். 'ஒண்ணுக்குப் போறதைக் கூடவா அளந்து பாப்பீங்க?' என்று போன கிழமைதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆம். மதனியின் வேலையே அதுதான்.

கண்டி நகரை மேலேயிருந்து பார்க்கிற அந்தத் தனியார் வைத்தியசாலையில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இருதய ஆபரேஷன் செய்தவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். அதை இரத்தத்தில் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடிக்கும். ஆனால் சிறுநீரில் 'என்கால்' என்றொரு புரதம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு அடி விழுந்த இரண்டு மணித்தியாலத்தில் அது குபுகுபுவென்று ஏறிவிடும்!

அதை அளப்பதுதான் ஆய்வு. தலைவர், சிறுநீரக நிபுணர் டொக்டர் தேவராசா. சேருகிறவர்களுக்கு ஆபரேஷன் இலவசம்.

அதனால் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனங்கள்.

மதனி பெருமூச்சோடு எழும்பி, அன்றைய சாம்பிளை மெஷினில் வைத்தாள்.

ஐந்தாம் கட்டில். கறுப்பையா. வயது அறுபத்திரண்டு. ஹந்தானை.

மெஷின் முனகியது... யோசித்தது... எண்ணைத் துப்பியது.

460.

மதனி அவசரமாகக் கோப்பைப் புரட்டினாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன். அன்று 62. செவ்வாய்க்கிழமை 38. அதாவது, ஆபரேஷனைச் சிறுநீரகம் ஜம்மென்று தாங்கிவிட்டது. ஆனால் நேற்றுப் பின்னேரம் 210! மெஷின் பிழை என்று நினைத்தாள்.

இன்று 460!

சுப்பம்மாவுக்கு ஏறினபோது ஆபரேஷனால் என்றே நினைத்துவிட்டாள். ஆனால் ஆபரேஷனால் பழுதாகியிருந்தால் முதல் நாளே ஏறியிருக்க வேண்டும். இறங்கி அடங்கினது, இரண்டாவது தடவை ஏன் ஏறுகிறது?

ஆபரேஷனுக்குப் பிறகு... யாரோ... ஏதோ கொடுக்கிறார்களா?!

*

பகல் பன்னிரண்டு. நோயாளர் பார்க்கும் நேரம்.

ஐந்தாம் கட்டிலின் பக்கத்தில் கறுப்பையாவின் மகள் தர்ஷிகா நின்றாள். வத்தேகமவில் துணிக்கடை வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். உள்ளே மஞ்சள் பச்சையாக ஒரு ஜூஸ்.

"குடிங்கப்பா. இன்னும் ரெண்டு மொடக்கு."

"புளிக்குது புள்ள..."

"நில்லுங்கோ!" மதனி பாய்ந்து போத்தலைப் பிடுங்கினாள். "இதென்ன ஜூஸ்?"

தர்ஷிகா மிரண்டாள். "காமரங்கா மிஸ். நெஞ்சுக்கு நல்லதுன்னாங்க."

"ஆர் சொன்னது?"

"பஸ்ஸுல... ஒரு அம்மா..."

"எத்தினை நாளாக் குடுக்கிறியள்?"

"நேத்தும் இன்னிக்கும்தான். ஏன் மிஸ்?"

காமரங்கா! அந்தப் புளிப்பு நட்சத்திரப் பழம் பலவீனமான சிறுநீரகத்துக்குக் கூடாதென்று படித்தது மதனிக்கு ஞாபகம் வந்தது. தர்ஷிகாவின் கண்களைப் பார்த்தாள். அப்பாவியா? நடிக்கிறாளா?

"இனி வெளியில இருந்து ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கக் கூடாது. விளங்குதா?"

"அப்பாவுக்கு ஏதாச்சும்..." தர்ஷிகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கறுப்பையா சிரிக்கப் பார்த்தார். முகம் லேசாக ஊதியிருந்தது. "வுடு புள்ள. மிஸ் கோவிச்சாலும் ஒரு நாயம் இருக்கும்."

*

"இரும் பிள்ளை." டொக்டர் தேவராசா கதிரையைக் காட்டினார்.

வெள்ளைத் தலைமயிர். சாந்தமான குரல். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று வருடத்துக்கு முன்பு மதனிக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

மதனி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார்.

"கெட்டிக்காரி. இந்த ரெண்டாவது ஏற்றத்தை வேற ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டினம்."

"பொலிசுக்குச் சொல்லுவமே சேர்?"

"அவசரப்படாதையும். சொந்தத் தகப்பனுக்கு நஞ்சு வச்சவள் எண்டு அந்தப் பெட்டையில பழி போடுறது சின்ன விசயமே? நான் விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரோடையும் கதைக்காதையும்."

"சுப்பம்மாவுக்கும் இப்பிடி..."

"அவவுக்கு ஆபரேஷன் ஒத்துவரேல்ல." குரலில் துளி மாற்றமும் இல்லை. "போய் ஒரு ப்ளேன்டீ குடியும். முகம் வெளிறிப்போச்சு."

மதனி வெளியே வந்தாள்.

ஹந்தானை மலையை மேகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

*

வெள்ளி காலை.

ஜூஸ் நின்று ஒரு நாள் ஆகிறது. எண் இறங்கியிருக்க வேண்டும்.

மெஷின் முனகியது... யோசித்தது...

780!!

"கடவுளே!" மதனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

காமரங்கா அல்ல. தர்ஷிகா அல்ல. அப்படியானால்...?

போனை எடுத்தாள்.

"றிஸானா! விசிட்டர் எல்லாரும் போன பிறகு, ஐஞ்சாம் கட்டிலுக்கு ஆர் வாறது?"

"ஏன் கேக்கிறீங்க?"

"சொல்லும்!"

றிஸானா குரலைத் தாழ்த்தி ஒரு பெயரைச் சொன்னாள். "ரெண்டு நாளாப் பகல் ரெண்டு மணிக்கு வந்து, திரையை இழுத்துட்டு என்னை வெளிய அனுப்புற. சுப்பம்மாவுக்கும் அப்படித்தான் செஞ்ச."



இருக்காது. இருக்கவே இருக்காது!

அலுமாரியைத் திறந்தாள். ஆய்வுக் கோப்புகள் முப்பதையும் மேசையில் பரப்பினாள். ஒவ்வொருவருக்கும் நான்கு சாம்பிள்தான் விதி. ஆபரேஷனுக்கு முன் ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, மறுநாள் ஒன்று. அவ்வளவுதான். வார்டு அனுப்பியதை அளந்தாளே தவிர, ஏன் கூடுதலாக வருகிறது என்று அவள் கேட்டதில்லை.

ஆனால் மூன்று கோப்பில் மட்டும் வார்டுக்கு எழுதிய ஒரு துண்டு மேலதிகமாகச் செருகியிருந்தது. 'நாளை முதல் மூன்று நாளுக்கு, தினம் இரண்டு சாம்பிள்.'

ஒன்று, போன மாதம் வந்த ஒரு தோட்டத் தொழிலாளி. இப்போது டயலிசிஸ் மெஷினோடு காலம் தள்ளுகிறார்.

இரண்டாவது, சுப்பம்மா.

மூன்றாவது, கறுப்பையா. துண்டு எழுதிய திகதி செவ்வாய்க்கிழமை. அன்று அவருடைய எண் 38. கல்லுப்போல இருந்த மனிதர்!

விபத்து நடக்க முந்தியே அம்புலன்ஸுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்று துண்டிலும் ஒரே கையெழுத்து. றிஸானா சொன்ன அதே பெயர்.

 மதனி மூன்று கோப்புகளையும் கைப்பையில் திணித்தாள். அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் மேல்மாடியில் இன்னொருத்தி வாடகைக்கு இருக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் டிலானி.

"டிலானி அக்கா! இப்ப வரேலுமே? யூனிஃபோர்ம் வேண்டாம். இன்னொரு உயிர் போகப் போகுது!"

*

பகல் பன்னிரண்டரை. டொக்டர் தேவராசாவின் அறை.

"சேர், நல்ல செய்தி!" மதனி முகமெல்லாம் சிரிப்பாக நுழைந்தாள். மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஜூஸை நிப்பாட்டினது சரியாப் போச்சு. ஐஞ்சாம் கட்டில் நாற்பத்தைஞ்சுக்கு இறங்கிட்டுது!"

"இருக்கேலாது!"

சொல் தெறித்து விழுந்தது.

டொக்டர் உடனே புன்னகைத்தார். "இல்லை... இவ்வளவு கெதியா இறங்கிறது அபூர்வம். அதுதான். சந்தோசம் பிள்ளை."

"ஓம் சேர். சந்தோசம்."

*

சரியாக இரண்டு மணி.

பார்வையாளர்கள் போய்விட்டார்கள். ஐந்தாம் கட்டிலைச் சுற்றித் திரை. உள்ளே, தலை வரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பியபடி ஒரு உருவம். தலைக்கு மேலே சேலைன் சொட்டியது.

சொட்டு... சொட்டு...

சப்பாத்துச் சத்தம் நெருங்கியது.

திரை விலகியது. ஒரு கை உள்ளே வந்தது. கோட்டுப் பையிலிருந்து ஊசி. நேற்றையதைவிடப் பெரிய ஊசி! சேலைன் குழாயில் அது குத்தியது. மருந்து முழுவதையும் அழுத்தி முடித்தது.

"மன்னிச்சுக் கொள்ளும் ஐயா," ஒரு சாந்தமான குரல் கிசுகிசுத்தது. "உம்மால பத்தாயிரம் பேர் பிழைப்பினம்."

"பத்தாயிரத்தை அப்புறம் எண்ணலாம் டொக்டர்!"

திரை சரேலென்று திறந்தது. டிலானி! அவளுக்குப் பின்னால் மதனி, றிஸானா.

டொக்டர் தேவராசாவின் கையில் ஊசி அப்படியே நின்றது.

முகம் மட்டும் ஒரு நொடியில் பழைய சாந்தத்துக்குத் திரும்பியது. "இது கிருமிக்குக் குடுக்கிற மருந்து. நான் டொக்டர். நோயாளிக்கு மருந்து குடுக்கிறது குற்றமே?"

"சீட்டுல எழுதாத மருந்து," என்றாள் றிஸானா.

"கூடினால் கிட்னியைத் தின்னுற மருந்து," என்றாள் மதனி. "ஏன் சேர்? ஏன்?"

டொக்டர் அவளைப் பார்த்தார். அந்தக் கண்களில் வெட்கம் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"இந்த டெஸ்ட் வேலை செய்யுது எண்டு உலகத்துக்குக் காட்ட வேணும். அதுக்குக் கிட்னி பழுதான ஆக்கள் வேணும். எங்கட சேர்ஜன்மார் நல்லா வெட்டித் தைக்கிறாங்கள் பிள்ளை! முப்பது பேரில ஒருத்தருக்கும் ஆபரேஷனால பழுதாகேல்ல! அடுத்த மாதம் சிங்கப்பூரில வெறுங்கையோட நான் என்னத்தைப் பேச?"

"அதுக்காகக் கொல்லுறதா?!"

"கொல்ல நினைக்கேல்ல. சுப்பம்மாவுக்கு அளவு கூடிப்போச்சு." ஒரு கணக்குப் பிழையைச் சொல்வதுபோலச் சொன்னார். "லயத்துச் சனம். ஒருத்தரும் கேள்வி கேக்காயினம் எண்டு நினைச்சன்."

மதனி கையை ஓங்கினாள். டிலானி பிடித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?" டொக்டர் கட்டிலைக் காட்டினார். "மருந்து உடம்புக்குள்ள போயிட்டுது. அவருக்கு உடனே நான் வேணும். நான்தான் இங்க ஒரே கிட்னி டொக்டர்!"

"மருந்து உடம்புக்குள்ள போகேல்ல சேர்!" என்றாள் மதனி.

டிலானி போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். சேலைன் குழாய் யாருடைய கைக்கும் போகவில்லை. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் முடிந்தது. போத்தலில் பொலிஸ் முத்திரை! கையோடு டொக்டருக்கு விலங்கை மாட்டினாள்.

"கறுப்பையா மேல் வார்டில இருக்கிறார்," என்றாள் மதனி. "பேராதனையில இருந்து வேற டொக்டர் வந்து பாத்திட்டா. இரத்தத்தில இன்னும் ஒண்டும் ஏறேல்ல. ரெண்டு நாள் முந்திப் பிடிச்சதால தப்பிட்டார். டயலிசிஸும் தேவையில்லையாம். மகள் பக்கத்தில இருக்கிறா."

டொக்டர் தேவராசா திடீரென்று நிமிர்ந்தார். விலங்கு மாட்டிய கைகளோடு... அவர் முகம் மலர்ந்தது!

"இரத்தத்துக்கு ரெண்டு நாள் முந்தியா? பார்த்தீரே பிள்ளை! என்ர டெஸ்ட் பிழையில்லை!"



"ஓம் சேர்," என்றாள் மதனி மெதுவாக. "ஒரு நோயாளியைக் காப்பாத்திச்சுது. ஒரு கொலைகாரனைக் காட்டிக் குடுத்துது. சிங்கப்பூருக்கு நான் எழுதிப் போடுறன்."

டிலானி அவரை வாசல் பக்கம் தள்ளினாள்.

அப்போது கட்டில் போர்வை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரிய மீசை எட்டிப் பார்த்தது. கான்ஸ்டபிள் சுரேஸ்!

"மெடம்... இனி எழும்பலாமா? சேலைன் சொட்டுற சத்தத்தையே கேட்டுக்கிட்டு, ஒரு மணித்தியாலமா அடக்கிக்கிட்டுக் கெடக்கேன்!"