ஏழு பட்டாணி

என் தம்பி வாண்டு பட்டாணி சாப்பிட மாட்டான். அம்மா வேகவைத்த காய் வைத்தால், கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் பட்டாணியைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். அம்மா திட்ட மாட்டாள். தன் கரண்டியை நீட்டி அந்த வரிசையை அப்படியே அள்ளிக்கொள்வாள். "மிச்சத்தைச் சாப்பிடு ராஜா" என்பாள். அவனும் சமர்த்தாகச் சாப்பிட்டுவிடுவான்.

அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது வாண்டு பட்டாணியை மட்டுமல்ல, எதையுமே சாப்பிடுவதில்லை.

அவனுக்கு ஐந்து வயது. எனக்குப் பதினொன்று. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து ஏதாவது சமைப்பார். அவர் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். நான் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். சாப்பாட்டு மேசையில் யாரும் உட்காருவதில்லை. அம்மாவின் நாற்காலியில் மடிக்காத துணி மலை மாதிரி குவிந்து கிடக்கும். வாண்டுவின் தட்டு ஆறிப்போய் அந்த மேசையிலேயே இருக்கும்.

"அம்மா நினைப்புல ஏங்கிப்போயிட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை அப்பா அவனை டாக்டரிடம் கூட்டிப்போனார். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. அன்று மாலை சித்தி போன் செய்தாள். சித்தி அம்மாவின் தங்கை. வேறு ஊரில் இருக்கிறாள். குரல் கொஞ்சம் பெரிசு. போனைக் காதில் வைக்காமலே எனக்குக் கேட்டது.

"மாமா, ஞாயித்துக்கிழமை வரேன். சின்னவனை என்னோட கூட்டிட்டுப் போறேன். நீங்க வேலைக்குப் போவீங்களா, அவனுக்கு ஊட்டுவீங்களா? அவன் என்கிட்ட இருக்கட்டும்."

அப்பா வாண்டுவின் ஆறிப்போன தட்டைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா" என்றார்.

அம்மா போய்விட்டாள். இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன இருக்கும்? அன்று நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை துணி துவைக்கும் மெஷினில் போடுவதற்காக எல்லாவற்றையும் அள்ளினேன். போடும் முன்பு பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். நானும் அதையே செய்வேன். வாண்டு அன்று போட்டிருந்த அரைக்கால் சட்டைப் பாக்கெட்டைத் திருப்பினேன். கசங்கிய காகிதங்கள் கொட்டின.

ஒரு சிப்ஸ் பாக்கெட். அது அப்பா காலையில் அவன் பையில் வைப்பது. ஒரு கிரீம் பிஸ்கட் உறை. வாட்ச்மேன் மாமாவின் அறையில் அந்த பிஸ்கட் டப்பா எப்போதும் இருக்கும். ஒரு வேஃபர் காகிதம், அதில் நீல நூல் ஒட்டியிருந்தது. சந்தேகமே இல்லை, கீழ்வீட்டுத் தையல்கார அக்கா.

நான்காவது ஒரு மிட்டாய் உறை. அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போகும்போது அவன் அழக்கூடாது என்று நான் கொடுத்தது அது.

எல்லாம் ஒரே நாளில் தின்றது! அவன் ஏங்கியது உண்மைதான். ஆனால் வயிறும் நிரம்பியிருந்தது. பிறகு எங்கிருந்து சாப்பிடுவான்?

அப்பா வந்ததும் நான்கையும் மேசைமேல் பரப்பினேன். அப்பா சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதானே குடுத்தேன்" என்றார்.

"நானும் ஒண்ணுதான்பா குடுத்தேன்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். "என்னால அவன் முகத்தைப் பார்க்க முடியலம்மா. அதைக் கையில குடுத்தா ஒரு நிமிஷம் சிரிப்பான். அதுக்காகத்தான்..." என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

"நாளைக்கு யாரும் குடுக்கக் கூடாதுப்பா. நான் பார்த்துக்கறேன்."

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அப்பாவின் பழைய கருவிப் பெட்டியில் ஒரு மஞ்சள் பலகை கிடந்தது. 'பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதி, லிஃப்ட் கதவில் தொங்கவிடுவார்களே, அது. அதன் பின்பக்கம் நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'எனக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீங்க. நான் வீட்டில் சாப்பிடணும்.'

அதை வாண்டுவின் கழுத்தில் மாட்டினேன்.

"அக்கா, நான் லிஃப்டா?"

"ஆமா. ரிப்பேரான லிஃப்ட்."

அவனுக்கு அது பிடித்துப்போனது. ஒவ்வொரு படிக்கும் 'டிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். நானும் பின்னாலேயே போனேன். வாட்ச்மேன் மாமா டப்பாவைத் திறந்தார், பலகையைப் படித்தார், டப்பாவை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணுதானே பாப்பா குடுத்தேன்!"

தையல்கார அக்காவும் அதையேதான் சொன்னாள். "தாயில்லாப் பிள்ளை, மனசு கேக்கலடி" என்று மூக்கை உறிஞ்சினாள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

விளையாட்டெல்லாம் பதினோரு மணி வரைக்கும்தான். பிறகு வாண்டு அழ ஆரம்பித்தான். ரொட்டி கொடுத்தேன், தள்ளிவிட்டான். ஆப்பிள் நறுக்கினேன், தரையில் எறிந்தான். பலகையைக் கழற்றி வீசினான். "பிஸ்கட் குடு! பிஸ்கட் குடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

என் பையில் ஒரு மிட்டாய் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது.

"அம்மா இருந்தா குடுப்பா!" என்றான்.

"குடுக்க மாட்டா!" என்று நானும் கத்திவிட்டேன். "அம்மா இருந்தா உன்னை உக்கார வெச்சு சோறு போடுவா. அவதான் இல்லையே, நான் என்னடா பண்ணுவேன்?"

இரண்டு பேரும் அழுதோம். அவன் அழுதபடியே கதவோரத்தில் தூங்கிப்போனான். நான் மிட்டாயைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். உலகத்திலேயே மோசமான அக்கா நான்தான் என்று தோன்றியது.

நான்கு மணிக்கு நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் பாவாடையை இழுத்தார்கள்.

"அக்கா, பசிக்குது."

இரண்டு மாதமாக அந்த வார்த்தையை அவன் சொன்னதே இல்லை. ஒரு கேரட் துண்டை நீட்டினேன். வாங்கிக் கடித்தான். இன்னொன்று கேட்டான். நான் திரும்பிப் பார்க்காமல் நறுக்கினேன். பார்த்தால் அழுதிருப்பேன்.

அன்று சாப்பிடும் நேரத்தில் அம்மாவின் நாற்காலியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டேன்.

"உக்காந்து சாப்பிடலாம்பா."

"அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தா எனக்குத் தொண்டைல இறங்காதும்மா" என்றார் அப்பா.

"எனக்கும்தான்பா."

இருந்தும் உட்கார்ந்தோம். வாண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நான்கு வாய் சாப்பிட்டான்.

நான்கு வாய்தான். அது சித்திக்குப் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி வந்தாள். வாண்டுவின் துணிகளை அடுக்க ஒரு பெரிய காலிப் பையோடு வந்திருந்தாள். பையைப் பார்த்ததும் வாண்டு ஓடிப்போய் மஞ்சள் பலகையை எடுத்துத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"என்னடா இது கோலம்?"

"நான் ரிப்பேர். என்னை யாரும் கூட்டிட்டுப் போகக் கூடாது."

சித்தி பலகையை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தாள்.

"முதல்ல சாப்பிடலாம் சித்தி" என்றேன்.

வேகவைத்த காயும் சோறும் வைத்தேன். உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது. சித்தி அதன் முதுகைத் தொட்டபடி நின்றாள்.

"இது அக்காவோடது..." அவள் குரல் அன்றுதான் சின்னதாகக் கேட்டது.

"இன்னிக்கு மட்டும் உக்காந்துக்கோங்க" என்றான் வாண்டு.

சாப்பிட்டோம். வாண்டு தலையைக் குனிந்துகொண்டு கேரட்டைத் தின்றான், உருளைக்கிழங்கைத் தின்றான், சோற்றை வழித்துத் தின்றான். பட்டாணியை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். மொத்தம் ஏழு. வைத்துவிட்டு, வழக்கம்போல நிமிர்ந்து அம்மாவின் நாற்காலியைப் பார்த்தான்.

அங்கே சித்தி உட்கார்ந்திருந்தாள்.

சித்தி கரண்டியை நீட்டினாள். இரண்டு பட்டாணியை எடுத்துக்கொண்டாள். அப்பா இரண்டு எடுத்துக்கொண்டார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மிச்சமிருந்தது. வாண்டு எங்களைப் பார்த்தான். அதைப் பார்த்தான். கண்ணை இறுக மூடி, அதை வாயில் போட்டு, முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு விழுங்கினான்.

சித்தி எழுந்துபோய், அந்தக் காலிப் பையை நான்காக மடித்து வைத்துவிட்டு வந்து, "எனக்கு இன்னும் கொஞ்சம் காய் வைடி" என்றாள்.