ஒட்டாத கிருமி

மாலை நாலேகால்.

ஜன்னலில் மழை. ஆய்வகத்தில் அவள் தனியாகத் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஜீன் கெடுக்கப்பட்ட கிருமி. குழியின் சுவரில் ஒட்டிப் படலம் கட்டியவற்றை ஊதாச் சாயம் காட்டிக்கொடுத்தது. ஒரே ஒரு குழியில் மட்டும் நிறமே இல்லை.

இந்த வாரமும் ஒன்றும் அகப்படாவிட்டால் வேறு தலைப்பு பார் என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

"கிடைச்சிருச்சு!"

கத்திக்கொண்டே திரும்பியவள், வாசலில் நின்ற நெடியவன்மேல் மோதினாள். பக்கத்து ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவன். கொஞ்சம் சாயம் கடன் கேட்க வந்திருந்தான். நனைந்த இமைகள்... கீழே சிரிக்கும் கண்கள்.

"என்னங்க கிடைச்சிருச்சு?"

"படலம் கட்ட வைக்கிற ஜீன். அது கெட்டுப்போனதால இதுக்கு ஒட்டவே தெரியல."

அவன் எட்டிப் பார்த்தான்.

"ஒட்டலையா... இல்ல, வளரவே இல்லையா? வளர்ந்தா தண்ணி கலங்குமே, கழுவுறதுக்கு முன்னாடி கலங்கலை அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அவசரத்தில் நேரே கழுவிவிட்டாள். காது மடல் சுட்டது.

"சாயம் கேக்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

"சாயம்தாங்க... பரீட்சை இலவசம்."

பாட்டிலை நங்கென்று வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேள்வி போகவில்லை.

கிருமிகளை மறுபடி வளர்த்தாள். இடையில் இரண்டு முறை நடையில் எதிர்ப்பட்டான். பார்க்காதவள்போல் கடந்தாள். ஒருவனைப் பார்க்காமல் இருக்க எத்தனை தடவை பார்க்க வேண்டியிருக்கிறது!

இம்முறை கழுவுமுன் அளந்தாள். அந்தக் குழியும் மற்றவை போலவே கலங்கியிருந்தது. கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. கழுவினாள். சாயமிட்டாள். மீண்டும் கழுவினாள்.

நிறமில்லை.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியேறியது. பேராசிரியை வந்து பார்த்து, "இதையே தொடரு" என்றார்.

உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

"வளர்ந்திருக்கு," என்றாள், பக்கத்து வாசலில் நின்று. "ஆனா ஒட்டல."

"அப்பாடா!" அவன் சுவரில் சாய்ந்தே விட்டான். "கேட்டது நியாயம்தாங்க... ஆனா உங்க முகம் வாடுனதுல எனக்குச் சோறு இறங்கல. அது வளர்ந்திருக்கணும்னு வேண்டாத தெய்வமில்ல."

"எனக்காகவா?"

"பின்னே, கிருமிக்காகவா?"

சிரித்துவிட்டாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"நீங்க கேக்கலேன்னா, நாலு பேர் கூடின இடத்துல வேற யாராவது கேட்டு என் மானம் போயிருக்கும். நான் தப்பு பண்ணா முகத்துக்கு நேரா சொல்ல ஒரு ஆள் வேணும்... ஆயுசு பூரா. எங்க அப்பாகிட்ட வந்து பேசுறீங்களா?"