கிரேன்காரனின் தூக்கக் குறிப்பு

நின்றுகொண்டே தூங்கும் ஒரு மனிதனை சண்முகசுந்தரி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஹார்பர் வாசலிலிருந்து புறப்பட்ட டவுன் பஸ். காலை ஆறே முக்கால். வெளியே ஐப்பசி மழை உப்பளங்களின் மேல் சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. இரவு ஷிப்ட் முடிந்த கூட்டம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடியது. அதில் ஒருவன்... நெடுநெடுவென்று உயரம், சட்டையில் கிரீஸ் வாசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி... அவள் இருக்கைக்கு அருகில் நின்றபடியே தூங்கினான்.

டிரைவர் பிரேக் போட்டார்.

அவ்வளவுதான். உயரம் மொத்தமும் அவள் மடியிலிருந்த கோப்பின் மேல் சரிந்தது. அறுபது தாள்கள் பஸ் தரையின் ஈரத்தில் பரவின.

"கண்ணு தெரியலையா?"

"தெரியும் மேடம்..." அவன் பதறி நிமிர்ந்தான். "திறந்திருந்தா."

"அடைமழைல கூலிங் கிளாஸ் வேற! பெரிய ஹீரோன்னு நெனப்பாக்கும்?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. இப்ப வெளிச்சம் கண்ணுல பட்டுட்டுன்னா வீட்டுக்குப் போயும் தூக்கம் புடிக்காது. அதுக்குத்தான்."

திட்ட வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். அவளுடைய ஆய்வுக் கேள்வித்தாளில் நான்காவது கேள்வியே அதுதான்.

"இதை யாரு உங்களுக்குச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரெண்டு வருசமா ஒடம்புதான் சொல்லுது."

தாள்களைப் பொறுக்கக் குனிந்தபோது கண்ணாடியைக் கழற்றினான். சிவந்து களைத்த கண்கள். ஆனால் அந்தக் களைப்புக்கு அடியில் என்னவோ ஒன்று... மழை விட்டதும் தெளியும் குளத்து நீரைப் போல. சுந்தரி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இரவு வெளிச்சமும் புற்றுநோயும்... ஓர் ஆய்வு." அவன் மெல்ல வாசித்தான். நோயின் பெயர் வந்த இடத்தில் அவன் குரல் தடுக்கியது. தாள்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே போய்விட்டான்.

'அவன் நிறுத்தம் அதுதானா... இல்லை, நான்தான் ரொம்பத் திட்டிவிட்டேனா?'

நாலு நாள் கழித்து ஆய்வுக்கான முதல் கூட்டம். மருத்துவக் கல்லூரி டாக்டர் ஈவாஞ்சலின் நடத்தும் ஆய்வுக்கு அவள் உதவியாளர். துறைமுகக் கேன்டீனில் மாலை நான்கு மணிக்குத் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து விளக்கினாள். இருட்டில் மட்டும் உடம்பில் சுரக்கும் மெலடோனின் என்கிற சுரப்பைப் பற்றி. ராத்திரி முழுக்க விளக்கு வெளிச்சத்தில் இருந்தால் அது குறைந்துபோவதைப் பற்றி. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் குழம்பினால் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு கூடலாம் என்ற சந்தேகத்தைப் பற்றி.

"கூடலாம்னா? கூடுமா, கூடாதா?" என்றார் சங்கரலிங்கம், யூனியனில் மூத்தவர்.

"அதத் தெரிஞ்சுக்கத்தான் அண்ணாச்சி வந்திருக்கோம். உலக அளவுல ராத்திரி ஷிப்டை 'அநேகமா காரணமா இருக்கலாம்'ங்கிற வரிசைல வச்சிருக்காங்க. முடிவா இன்னும் சொல்லல."

"நல்லா இருக்கு கதை. நீங்க கேன்சர்னு எழுதிட்டுப் போவீங்க, நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்காது."

சலசலப்பு எழுந்தது. கூட்டம் கலையப் பார்த்தது. சுந்தரிக்குக் கண் கலங்கும்போல இருந்தது... அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்த உயரம் எழுந்து வந்தது.

"வெளிச்சத்த அளக்கக் கைல கட்டணும்னீங்களே, அந்தப் பட்டை எனக்கு ஒண்ணு குடுங்க மேடம். செந்தூர்வேல். கிரேன் ஆபரேட்டர்."

"ஏலே, ஒனக்கு என்ன கேடு?" என்றார் சங்கரலிங்கம்.

"பஸ்ல இவங்க தாளை நனைச்சிட்டேன் அண்ணாச்சி. கடன் இருக்கு."

கேன்டீனே சிரித்தது. அன்று இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பட்டையோடு ஆளுக்கு ஒரு தூக்கக் குறிப்பேடு. படுத்த நேரம், எழுந்த நேரம், தூக்கம் கெட்டால் காரணம். வியாழக்கிழமைதோறும் சுந்தரி வாங்கிப் பார்ப்பாள்.

செந்தூர்வேலின் முதல் வாரக் குறிப்பு:

'திங்கள். காலை 7.40 படுத்தேன். 9.15 எழுந்தேன். காரணம்: பக்கத்து வீட்டு மிக்ஸி.'

'புதன். தூக்கமே இல்லை. காரணம்: பஸ்ஸில் ஒருவர் திட்டியது ஞாபகம் வந்தது.'

'வெள்ளி. நல்ல தூக்கம். காரணம் தெரியவில்லை. மேடம் நேற்று கேன்டீனில் சிரித்ததாக இருக்கலாம். ஆராய்ச்சி செய்து சொல்லவும்.'

முகம் சூடாகிவிட்டது சுந்தரிக்கு. சிவப்பு மையில் எழுதினாள்: 'சம்பந்தமில்லாத விவரங்கள் வேண்டாம்.'

அடுத்த வாரம் அதற்குக் கீழே பதில் இருந்தது: 'சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது?'

அதற்கு அவள் சிவப்பு மையில் எதுவும் எழுதவில்லை. ஆனால் வியாழக்கிழமை வந்தால் அவளுடைய கை தானாக அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் தேடியது. கிரேன் கூண்டிலிருந்து விடியலில் கடல் எந்த நிறத்தில் இருக்கும், மேலிருந்து பார்த்தால் கண்டெய்னர்கள் எப்படித் தீப்பெட்டிபோலத் தெரியும்... எல்லாவற்றையும் 'காரணம்' என்ற கட்டத்துக்குள் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தான்.

ஆறாவது வாரம் அந்தக் கட்டத்தில் விளையாட்டு இல்லை.

'எங்கம்மா வடிவம்மாள். இறால் கம்பெனியில் பதினாறு வருசம் ராத்திரி ஷிப்ட். மார்பில் புற்று. இறந்து ரெண்டு வருசம். அந்த ராத்திரி வேலைதான் காரணமா? பதில் சொல்லவும்.'

சுந்தரி சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். மறுநாள் கேன்டீன் வாசலில் அவனே காத்திருந்தான்.

"வாசிச்சீங்களா?"

"ம்..."

"சொல்லுங்க."

"தெரியாதுங்க." அவள் குரல் இறங்கியது. "ஆயிரம் பேரைச் சேர்த்து வச்சுப் பாத்தா வாய்ப்பு கூடுதா, குறையுதான்னு சொல்லலாம். ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு... யாராலயும் சொல்ல முடியாது."

"யாராலயும்னா?"

"டாக்டராலயும் முடியாது."

அவன் கையிலிருந்த பட்டையை அவிழ்த்து அவள் கையில் வைத்தான். "இந்த ஒரு பதிலுக்குத்தான் மேடம் அன்னைக்கு எந்திரிச்சு வந்தேன். தாளு நனைஞ்சதெல்லாம் சும்மா." திரும்பிப் பார்க்காமல் போனான்.

அவளுக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லியிருக்க வேண்டுமா? ஆமாம் என்றால் அழுவான், இல்லை என்றால் நம்பமாட்டான்... உண்மையைச் சொன்னதற்கா இந்தத் தண்டனை? 'வந்தால் வரட்டும். நானாகப் போய்ப் பேசமாட்டேன்.' பத்து நாள் வீம்பாக இருந்தாள். பத்து நாளும் சரியாகத் தூங்கவில்லை.

பதினோராம் நாள் சங்கரலிங்கம் அண்ணாச்சி தன் குறிப்பேட்டைக் கொடுக்க வந்தார்.

"அந்தப் பயல மனசுல வச்சுக்கிடாதம்மா. அவன் படிச்சு ஆளாகணும்னுதான் அவங்கம்மா ராத்திரி வேலைக்கே போச்சு. பகல்ல அவனுக்குப் பொங்கிப் போடணும்லா. அது போன பொறவு ராத்திரில அந்த வீட்டுல படுக்க மாட்டுக்கான். நைட்டு ஷிப்டாவே கேட்டு வாங்குதான்."

சுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கேட்டது வேறு கேள்வி. 'என்னாலதான் அம்மா போச்சா?' அதைத்தான் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுதியிருந்தான்... அன்று அவளுக்குப் புரியவில்லை.

"இப்ப எங்க இருப்பாங்க அண்ணாச்சி?"

"சாயங்காலம் ரோச் பார்க்ல கடலப் பாத்துட்டு இருப்பான்."

வீம்பு எங்கே போனதோ தெரியவில்லை. ஆட்டோ பிடித்தாள்.

தூறலில் பார்க் காலியாக இருந்தது. சிமென்ட் பெஞ்சில் அவன் மட்டும். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"உக்காருங்க. நான் பேசணும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "உங்கம்மா உங்களுக்காக ராத்திரி முழிச்சாங்க... அது நிஜம். அதனாலதான் நோய் வந்துச்சுங்கிறது நிஜமான்னு யாருக்கும் தெரியாது. ரெண்டையும் ஒண்ணாக் கட்டித் தலைல வச்சுக்கிட்டு நடக்காதீங்க. ஒருவேளை காரணமாவே இருந்தாலும்... அப்ப இதெல்லாம் யாரு அவங்களுக்குச் சொன்னா? உங்களுக்குத்தான் யாரு சொன்னா? தெரியாம நடந்ததுக்கு நீங்க எப்படிக் குத்தவாளி?"

அவன் தோள்கள் குலுங்கின. சுந்தரி எதையும் யோசிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூறல் வலுத்து, ஓய்ந்தது.

"கடைசி நாள்ல அம்மா என்னத் தூங்கச் சொல்லிட்டே இருந்தா," என்றான். "போயிப் படுலே, போயிப் படுலேன்னு... நான் கேக்கல."

"இப்பவாவது கேளுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பகல் ஷிப்டுக்கு எழுதிக் குடுக்கேன். நாளைக்கே. குறிப்பேட்டையும் திரும்ப ஆரம்பிக்கலாம்லா மேடம்?"

"ஆரம்பிக்கலாம். ஆனா உங்க குறிப்பேட்டை இனி ஜெஸ்லின்தான் பாப்பா. எங்கூட வேலை பாக்குறவ. நேத்தே டாக்டர்கிட்ட சொல்லி மாத்திட்டேன்."

அவன் முகம் வாடியது. "ஏன்... நான் அப்படிக் கோவிச்சுட்டுப் போனேன்னா?"

"இல்ல..." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஆராய்ச்சி பண்ணுதவங்களுக்கு எல்லாத் தாளும் ஒண்ணா இருக்கணும். எனக்கு அப்படி இல்ல. ஒருத்தரோட தாளை வாசிக்கும்போது மட்டும்... கணக்கெல்லாம் மறந்து, இவர் நல்லாத் தூங்கணுமே தூங்கணுமேன்னு சாமியக் கும்பிடுதேன். அது தப்புல்லா?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிவந்த கண்களில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு ஏறியது.

"எம்மேல ஆசையா... சுந்தரி?"

அந்த 'மேடம்' காணாமல் போனதை இருவருமே கவனித்தார்கள்.

"ஆமா," என்றாள், கடலைப் பார்த்து. "ரொம்ப."

"எனக்கு பஸ்லயே... நீங்க திட்டும்போதே." தொண்டையைச் செருமினான். "உங்க ஊரு ஸ்ரீவைகுண்டம்னு அண்ணாச்சி சொன்னாரு. அங்க உங்க அப்பாவப் பாக்க வரட்டுமா?"

"வாங்க," என்றாள் அவள், வெட்கத்தோடு. "நல்லாத் தூங்கி எந்திரிச்சு... பகல்ல வாங்க."