மூன்றும் எட்டும்

மழைக்கு ஒதுங்க வந்த கார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கேட்டைத் தாண்டிய பிறகும் அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் அடுக்கியிருந்த டயர்களை இடித்துச் சரித்துக்கொண்டு, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்துதான் நின்றது. கையிலிருந்த ஸ்பேனர் எப்போது நழுவி விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

கதவைத் திறந்து இறங்கியவன் அவளைவிட வெளிறிப்போயிருந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது... அதைத் துடைக்கக்கூடத் தோன்றாத கண்கள்.

"பிரேக் பிடிக்கல..." என்றான்.

"பார்த்தேன்," என்றாள். குரல் நடுங்காமல் அதைச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டதாம். திறந்திருந்த முதல் கேட்டுக்குள் திருப்பிவிட்டானாம். ஊரின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண் சோதிப்பதும் அவனே. கார் அவனுடைய அம்மாவுடையது, அவனைவிட வயதில் மூத்தது. பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டால் அம்மாவுக்குப் பத்திரமாக இருக்குமே என்று, அதற்கென்று வாங்கிய புது மாஸ்டர் சிலிண்டரோடு நேற்றுதான் தானே உட்கார்ந்து மாட்டி முடித்தான். நாளைக் காலை அம்மா ஓட்டிப் போவதாக இருந்தது.

முன்சக்கரத்தில் பட்ட மழை சுர்ரென்று ஆவியாவதை அவள் கவனித்தாள். ஆறட்டும் என்று காத்திருந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை. பெடலில் யார் காலும் இல்லை. பிரேக் மட்டும் பிடித்த பிடியை விடவே இல்லை என்றாள். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஆயில் பீய்ச்சியடித்தது... சக்கரம் லேசாகச் சுழன்றது.

"பிடிக்கலன்னு நான் சொல்றேன், விடவே இல்லைன்னு நீங்க சொல்றீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான். விடாம உரசி உரசிச் சூடாகி ஆயில் கொதிச்சிருச்சு. அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பெடல் சும்மா உள்ளதான் போகும்."

அழுத்தம் எங்கே சிக்கியிருக்கிறது என்று குழாய் வழியே தேடிக்கொண்டு போனவள், பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் வந்து நின்றாள். டிரம் பிரேக்குக்கு உள்ளது அது. காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்குக்கு ஆபத்து.

"எந்தக் கண்ணு தெரியாத ஆளு இதைக் குடுத்தான்?" என்று கேட்டாள். அவன் சரிந்து கிடந்த டயர்களை எடுத்து அடுக்கப் போனான்.

சிலிண்டரைக் கழற்றி, பொறித்திருந்த எண்ணைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். கடைசி எண் எட்டு. எட்டு என்றால் டிஸ்குக்கு உரியதாயிற்றே...

"மூணு," என்றான் அவன் மெதுவாக. "அது எட்டு இல்லீங்க."

அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். தொலைந்துவிட்டது என்றான், கொஞ்சம் அவசரமாகவே. ஆனால் பின்சீட்டிலேயே அது கிடந்தது. எட்டில் முடியும் எண், அவள் கையெழுத்தில். கீழே அவள் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பின் முத்திரை.

மூன்றை எட்டென்று படித்து எடுத்துக்கொடுத்தது அவளேதான். யாரோ ஒரு பெரியவர் எண்ணெழுதிய சீட்டோடு உதிரிபாகக் கவுண்டருக்கு வந்து வாங்கிப்போனது நினைவில் வந்தது. அது தன் மாமா என்றான் அவன். ஆறு மாதமாகவே கிட்டத்தில் எழுத்துகள் மங்கித்தான் இருந்தன. அண்ணனோடு மல்லுக்கட்டி வாங்கிய கவுண்டர் பொறுப்பு கைவிட்டுப் போய்விடுமே என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவள் கையிலிருந்து அவன் பெட்டியை வாங்கிக்கொண்ட நேரத்தில் அப்பா குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். சரிந்த டயர்களையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்து, நம் கடையில் வாங்கியதா என்று கேட்டார்.

"ஆமாங்க. நான்தான் நம்பரைத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன்," என்றான் அவன், பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கழற்றிய சிலிண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். தெரியாத வேலையில் கை வைக்கக் கூடாது என்று அப்பா அவனுக்கு நீளமாகப் புத்தி சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவன் மழையில் நடந்தே போனான்.

மறுநாள் முழுக்க அந்தக் காரோடு கிடந்தாள். சரியான சிலிண்டர் போட்டு, கொதித்த ஆயிலை மாற்றி, ஏர் எடுத்து, பத்துத் தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "அப்ப அந்தத் தம்பி ஏம்மா பழியைத் தன் தலையில போட்டுக்கிச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் அவள் காரை ஓட்டிக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனாள்.

அவன் எதுவும் கேட்காமல் அவளை உட்காரவைத்தான். கனமான கண்ணாடிச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினான்.

"இப்ப?"

மங்கல் விலகியது. இவ்வளவு அருகில் இவ்வளவு தெளிவாக ஒரு முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று...

"நீங்க ரெண்டு நாளா தூங்கல," என்றாள்.

அவன் வில்லைகளை எடுத்து வைப்பதில் மும்முரமானான்.

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். நீங்க ஏன் பொய் சொன்னீங்கன்னு அவர் கேக்குறாரு."

"அவர் மட்டும்தான் கேக்குறாரா?"

"...நானும்தான்."

"உங்களைக் காப்பாத்தன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது இல்லை. அவர் முன்னாடி அது வெளிய வந்தா, அப்புறம் நீங்க என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன். பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகல... எதுக்கு இவ்வளவு பயம்னு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. அவன் விரலிலிருந்து வில்லை ஒன்று நழுவி மேசையில் உருண்டது.

"நான்... இன்னும் அப்படிச் சொல்லவே இல்லீங்களே," என்றான்.

"அப்ப சொல்லுங்க."

சொன்னான். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை குரலே வரவில்லை.