நிச்சயத்துக்கு வைத்த பீப்பாய்

மழை சாய்த்து அடித்தது. ஒர்னெல்லா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரப்படிகளில் ஓடினாள். பரணில் மூங்கில் தட்டிகள் கொள்ளாமல் ஒயினுக்கான திராட்சைக் குலைகள் உலர்ந்துகொண்டிருந்தன. ஈரக்காற்று பட்டால் போச்சு… பூசணம் பூத்துவிடும். ஜன்னல்களைக் காலையில் அவள்தான் திறந்து வைத்திருந்தாள்.

மேலே போனால் ஜன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. நடுவில் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒருவன். வாயில் திராட்சை.

"யாருங்க நீங்க? யாரைக் கேட்டு இதுல கை வச்சீங்க?"

"மழைக்கு ஒதுங்கினேங்க. ஜன்னலைச் சாத்தினதுக்குக் கூலி ஒரே ஒரு பழம்… அதுக்கே கண்ணாலயே எரிச்சிடுவீங்க போலிருக்கே."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சாம்பல் நிறக் கண்கள்… பாவி, ஒரு பழத்தைத் தின்றுவிட்டு மனசையும் அல்லவா எடுத்துக்கொண்டு போய்விட்டான்!

பெயர் தூல்லியோ. அடுத்த பள்ளத்தாக்கில் பீப்பாய் செய்கிறவன். அதன் பிறகு வளையம் தளர்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு சைக்கிளில் வந்துகொண்டே இருந்தான். அவளோடு உட்கார்ந்து அழுகின பழத்தைப் பொறுக்குவான். விரல்கள் உரசினால் இருவருமே அவசரமாகத் தட்டியைப் பார்ப்பார்கள்.

ஜனவரிக் கடைசியில் பழத்தைப் பிழிந்தார்கள். வீட்டுப் பெண்ணின் நிச்சயத்துக்கென்று ஒரு பீப்பாய் ரெச்சோத்தோவை, உலர்ந்த திராட்சையில் செய்கிற இனிப்பு ஒயினை, தனியாக வைப்பது அவர்கள் வழக்கம். ஈஸ்டருக்குத் திறப்பார்கள். அதற்குள் வந்து பெண் கேட்பதாகத் தூல்லியோ சொல்லியிருந்தான். பிழிகிற அன்று யாரோ கிண்டல் செய்ய, அவள் அப்பா ஜெலிந்தோ, "மழைக்கு ஒதுங்கினவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியுமா?" என்று சிரித்தார். வெறும் விளையாட்டுப் பேச்சு. அவருக்கு அவனைப் பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வாசலில் நின்ற தூல்லியோவின் காதில் அது விழுந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவன் போனவன்தான்.

ஒர்னெல்லா சொல்லியனுப்பினாள். உங்கப்பாவே வந்து கூப்பிடட்டும் என்று பதில் வந்தது. ரோஷமாம் ரோஷம்…

நொதிக்கிற பீப்பாயை அவ்வப்போது ருசி பார்த்து, இனிப்பு இருக்கும்போதே வடித்துக் குளிர்ந்த நிலவறைக்கு மாற்றிவிட வேண்டும். அப்பா காய்ச்சலில் படுத்திருந்ததால் அந்தப் பொறுப்பு அவளுடையது. அவளோ சாலை தெரிகிற ஜன்னலை விட்டு நகரவில்லை. இன்றைக்கு வந்துவிடுவான்… இன்றைக்கு… பதறிப்போய் ருசி பார்த்தபோது இனிப்பெல்லாம் நொதித்துத் தீர்ந்திருந்தது. நாக்கில் கசப்புதான் நின்றது. அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்தார்; எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவள் அப்படி அழுதிருக்க மாட்டாள்.

ஈஸ்டர் கழிந்து தூல்லியோ வந்தான். இளைத்திருந்தான்.

"உன்னை விட்டு இருக்க முடியல, ஒர்னெல்லா. தோத்துட்டேன். இப்பவே போய் உங்கப்பாகிட்ட கேக்குறேன்."

அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தாள். குடித்தவனின் முகம் மாறியது. பீப்பாய்க்காரனுக்கு விளக்கவா வேண்டும்?

"நிச்சயத்துக்கு வச்சதா?"

தலையாட்டினாள்.

"அதனால என்ன… அடுத்த வருஷம் நல்லா போட்டுக்கலாம்."

"எனக்கு உங்களைப் பிடிக்கும்," என்றாள். "முதல் நாளே பிடிச்சுது. இப்பவும்தான்."

அவன் கண்கள் மலர்ந்தன. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்வது அவளுக்குச் சுலபமாக இல்லை.

"எங்கப்பா விளையாட்டா சொன்ன ஒரு சொல்லுக்கு ரெண்டு மாசம் என்னை வழி பாக்க வச்சீங்க. கட்டிக்கிட்டா நானும் கோவத்துல ஏதாவது சொல்லுவேனே… அப்ப எத்தனை தடவை சைக்கிளைத் திருப்புவீங்க?"

அவன் குவளையைக் கசப்போடு காலி செய்து வைத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. விட்ட பிறகு போகலாமே என்றாள். அவன் ஒதுங்கவில்லை, நனைந்துகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஒர்னெல்லா பரணுக்கு ஓடி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். தட்டிகளில் ஒரு பழம்கூட இல்லை என்பது கடைசி ஜன்னலைச் சாத்தும்போதுதான் உறைத்தது.