கிணற்றில் போட்ட சாவி

அந்த லேத் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது காலை ஒன்பது மணி. சுள்ளென்று வெயில். பேய் பிசாசுக்கெல்லாம் ஏற்ற நேரமே இல்லை. இருந்தும் ஷெட்காரர் வாசலைத் தாண்டி ஓரடி எடுத்து வைக்கவில்லை.

லேத் ஓட்ட வந்த மூன்று டர்னர்கள் தலைதெறிக்க ஓடிய இடம் அது. அளவு முடியளவும் பிசகாது என்பதால், அவர்களுக்கு முன் இருந்தவரை மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்களாம். தன் கையில் தப்பே வராது என்று அவருக்கு அத்தனை தலைக்கனம். ஒருநாள் பாதி வேலையில் கரண்ட் போனது. சுவிட்சை அணைக்காமலே, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில், அதை இறுக்கும் சாவியைச் செருகித் திருகிக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது. சக்கோடு சுழன்ற சாவி தெறித்து நெற்றியில் இறங்கியது. அங்கேயே உயிர் போய்விட்டது. பிறகு அந்தச் சாவியைப் பின்பக்கக் கிணற்றில் போட்டுவிட்டார்கள்.

ஆலை மூடி எட்டு மாதமாக நான் சும்மா இருந்தேன். பொம்பளைக்கு லேத் எதற்கு என்று எல்லாப் பட்டறையிலும் கையை விரித்துவிட்டார்கள். இதை விட்டால் எனக்கு வேறு இடமில்லை.

"மிஷினை ஏத்திட்டுப் போக சாயங்காலம் லாரி வருதும்மா," என்றார் ஷெட்காரர். "அதுக்குள்ள இந்த ஷாஃப்ட்டக் கடைஞ்சு குடுத்துட்டா பட்டறைய நீயே நடத்து. இல்லன்னா மிஷின் பழைய இரும்புக்குப் போயிடும்."

என் சொந்தச் சாவியால் ஷாஃப்ட்டை இறுக்கி, சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். டூல் தொட்டதும் இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சூட்டு வாசனை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் கரண்ட் போனது. சுவிட்சை அணைத்தேன். கை கழுவிவிட்டுத் திரும்பினேன்.

சக்கில் ஒரு சாவி செருகியிருந்தது.

இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். என் சாவி அங்கேயே இருந்தது.

சக்கில் இருந்தது துருப்பிடித்த பழைய சாவி. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாசி நாற்றம்.

நான் அணைத்த சுவிட்ச், டக்கென்று தானாக ஆன் ஆனது.

ஓடியிருக்கலாம். ஓடிய மூன்று பேரும் இந்த இடத்தில்தான் ஓடியிருப்பார்கள். ஆனால் பயத்தை மீறிக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுவிட்சை அடித்து அணைத்தேன். சாவியைப் பிடுங்கி முடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது.

சக் அசையவில்லை. என் கழுத்தருகே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அண்ணே," என்றேன், திரும்பாமல். "அன்னிக்குத் தப்பு உங்க மேல. மிஷின் மேல இல்ல, என் மேலயும் இல்ல. நான் போகமாட்டேன். நீங்க வேணா இருந்துக்கங்க."

சுவரில் ஓர் ஆணி அடித்து அந்தச் சாவியை மாட்டினேன். ஷாஃப்ட்டைக் கடைந்து முடித்தேன். அளவு இம்மி பிசகவில்லை. லாரி காலியாகத் திரும்பிப் போனது.

ஒரு மாதம் ஓடிவிட்டது. தினமும் காலையில் அந்த ஆணிக்குக் கீழே தரை ஈரமாக இருக்கும். துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

இன்று தரை காய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய சாவியும் காய்ந்திருந்தது.

என் இடுப்புதான் நனைந்திருந்தது. என் சாவியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கயே இருந்துக்கங்கண்ணே," என்று அதை முந்தானையில் துடைத்தேன். ஷாஃப்ட்டை இறுக்கினேன். சாவியை உருவிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.