தட்டு வைக்கும் காட்சி

காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் தினமும் அழப் பழகப் போவேன். தூத்துக்குடி பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் வகுப்பு. மணிக்கட்டில் உணர்வுப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்பானியப் படம் பார்க்க வேண்டும். வசனம் புரிந்தால் போதாது, அது நெஞ்சில் இறங்கியதா என்று பட்டை சொல்லிவிடும்.

இப்போதெல்லாம் விசாவுக்கு மொழித் தேர்வு கிடையாது, ஒத்துணர்வுத் தேர்வுதான். அந்த நாட்டார் அழும் இடத்தில் நாமும் அழ வேண்டும். என் மகள் ஜெனோவா சிலி நாட்டில் இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

வகுப்பில் படிக்கத் தந்த அந்த நாட்டு நாவல்களில் நான் கெட்டி. கல்யாண வீட்டில் கட்சிச் சண்டை, சாவு வீட்டில் பழங்கதை பேசிச் சிரிப்பு என்று எல்லாம் நம் ஊர் மாதிரியே இருந்தது. இடறியது ஒரு படத்தில்தான். தேர்விலும் அதுவே வரும். ஒரு தாயின் மகனை ராணுவம் பிடித்துப் போகிறது. ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. அவள் தினமும் அவனுக்கும் மேசையில் தட்டு வைக்கிறாள். அந்தக் காட்சியில் எல்லோருடைய பட்டையும் நீலமாகும், என்னுடையது மட்டும் சிவக்கும். சிவப்பு என்றால் கோபம். அதற்கு மதிப்பெண் இல்லை.

ஏன் அழுகை வரவில்லை என்று பயிற்சியாளர் வளனரசு கேட்டார். என் மகன் வயதுதான் அவருக்கு.

“அந்தம்மாவே அழல, தம்பி. நான் எதுக்கு அழணும்? அவன் செத்துட்டான்னு யாரு சொன்னா?”

பிறகு என் மகன் டெல்வினைப் பற்றிச் சொன்னேன். அவன் கடலுக்குக் கொண்டுபோன தானோட்டிப் படகு தானாகவே கரைக்குத் திரும்பியது, அவன் வரவில்லை. இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன். மதியம் சோறு வடித்ததும் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பேன்.

வளனரசு என் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றினார். “உங்க கோவந்தாம்மா சரி. ஆனா பட்டைக்கு அது தெரியாதே” என்றார்.

தேர்வு அன்று, திரையில் அந்தத் தாய் தட்டைத் துடைத்தாள். நான் ஜெனோவாவின் வயிற்றை நினைத்துக்கொண்டேன். அதுவரை ஒருநாளும் சொல்லாததை மனசுக்குள் சொன்னேன்: டெல்வின் இனி வரமாட்டான்.

பட்டை நீலமானது. படம் முடிந்தும் எனக்கு அழுகை நிற்கவில்லை. அதிகாரி தண்ணீர் தந்து, அந்த நாட்டு மக்களை நான் முழுமையாகப் புரிந்துகொண்டதாக வாழ்த்தினார். அந்தத் தாய் அங்கே இருந்திருந்தால் என் முகத்திலேயே விழித்திருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து ஜெனோவாவிடம் போனில் சொன்னேன். சந்தோஷத்தில் அவளும் அழுதாள். சோறு வடித்தேன். பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன்.